30 டிகிரி வெப்பத்தில் வீட்டு பீர்: 10 லிட்டர் பேல் ஏலும் அதில் வரும் சிக்கல்களும்

வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றிய செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. "ஈஸ்ட்டைத் தூவி அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வையுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களுடைய அறை 18, 19 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை மதியத்தில் 30 டிகிரியைத் தாண்டும். குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஒரு வரியை இங்கே நம்பினால், நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையும் தொண்டையைச் சுடும் சாராய நெடியும் கொண்ட ஒன்றுதான் பாட்டிலில் வந்து சேரும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) எந்த ஊர், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) எந்த ரகம் என்று தேடுவதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை ஈஸ்ட்டின் வெப்பநிலைக்குக் கொடுத்தாலே பீர் மாறிவிடும். இந்தக் கையேடும் அந்த விகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள், சொந்த உபயோகத்துக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சலாம். விற்கக் கூடாது. காய்ச்சி வடித்து சாராயம் எடுப்பது வேறு விஷயம், அதற்கு அனுமதி கிடையாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பதே குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

மெத்தனால் பயம் பலருக்கு உண்டு. கள்ளச்சாராயச் சாவுகளைச் செய்தியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. தானியத்தை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகமிகச் சொற்பம். ஆளைக் கொல்வது சாராயத்தில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். வீட்டு பீரில் கெட்டுப்போன சுவை வரலாம், பாட்டில் வெடிக்கலாம், கண் போகாது.

சாமான்கள்

வீட்டு அடுப்பில் 20 லிட்டர் காய்ச்சுவது பெரும் பாடு. 10 லிட்டரில் தொடங்குங்கள். செய்யப்போவது பேல் ஏல், அதாவது வெளிர் மால்ட்டில் செய்யும் ஹாப்ஸ் வாசமுள்ள பீர். 330 மில்லி பாட்டிலில் 27, 28 தேறும். வேண்டியவை: மூடியோடு 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம், அதன் வாயில் மாட்டும் அளவுக்கு நைலான் அல்லது வாயில் (voile) எனும் மெல்லிய துணியில் தைத்த பை, டிஜிட்டல் வெப்பமானி, அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) மாட்டிய 15 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் வாளி, சைஃபன் குழாய், மூடி அடிக்கும் கருவி, 26 மில்லிமீட்டர் மூடிகள். ஹாப்ஸையும் வண்டலையும் வடிகட்ட தனி உபகரணம் வாங்க வேண்டாம். பாத்திரத்தின் அடியில் தங்க விட்டு மேலே தெளிந்ததை எடுத்தால் போதும்.

வாளியைப் பச்சை நார் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் பாக்டீரியா குடியேறினால் எந்த மருந்தும் அதை முழுதாக எட்டாது. கீறல் தெரிகிற வாளியை அரிசி கொட்டி வைக்கப் பயன்படுத்திக்கொண்டு புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

பொருள்கள்: பேல் மால்ட் 2.3 கிலோ, நிற அளவு 60 உள்ள கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், 12 சதவீத ஆல்பா அமிலமுள்ள (கசப்பைத் தருவது இதுதான்) மேக்னம் ஹாப்ஸ் 10 கிராம், கேஸ்கேட் ஹாப்ஸ் 35 கிராம், பீரைத் தெளிய வைக்கும் வேர்ல்ஃப்ளாக் மாத்திரையில் கால் பங்கு, உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம். கணக்குப்படி தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்றால்) 1.046, முடிவு 1.010, ஆல்கஹால் 4.7 சதவீதம், கசப்பு 33 ஐபியு (கசப்பின் அலகு) அளவில் வரும். மேக்னத்தின் ஆல்பா அமிலம் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். 14 என்று அச்சிட்டிருந்தால் 10 கிராமுக்குப் பதில் எட்டரை கிராம் போடுங்கள்.

மால்ட்டை அரைத்தே வாங்கினால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இந்த ஈரக்காற்றில் அது ஈரம் இழுத்து நமுத்துப்போகும். அரிசியில் வரும் அதே வண்டு இதிலும் வரும். காற்றுப் புகாத டப்பா கட்டாயம். ஹாப்ஸுக்கு ஃப்ரீசர்தான் இடம், அதுவும் காற்றை வெளியேற்றி ஒட்டிய பையில். சீஸ் போன்ற வாடை வந்த ஹாப்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

தண்ணீர்

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்குக் குளோராமின் சேர்க்கப்படுகிறது. குளோரின் என்றால் ஓர் இரவு திறந்து வைத்தாலோ கொதிக்க வைத்தாலோ போய்விடும். குளோராமின் அவ்வளவு எளிதில் போகாது. அது மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் பீருக்கு மருத்துவமனை வாடை, காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரி வாடை வந்துவிடும். மிக நுண்ணிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் வாடை அது. ஒருமுறை வந்தால் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. தீர்வு மலிவானது. கேம்டன் மாத்திரையில் (சல்ஃபைட் மாத்திரை) கால் பங்கைப் பொடித்து, காய்ச்சத் தேவையான மொத்தம் 16.5 லிட்டர் தண்ணீரில் கலக்கிவிடுங்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். வீட்டில் கார்பன் வடிகட்டி இருந்தாலும் இதைச் செய்யுங்கள்; வேகமாகத் தண்ணீர் ஓடும்போது வடிகட்டி குளோராமினை முழுதாகப் பிடிப்பதில்லை.

விருப்பமிருந்தால் 3 கிராம் ஜிப்சமும் 1 கிராம் கால்சியம் குளோரைடும் சேர்க்கலாம். மாஷின் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கலவை) பிஎச் சற்று இறங்கும், ஹாப்ஸின் கசப்பு துலக்கமாகும். முதல் இரண்டு தடவை இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மாஷ்

16.5 லிட்டரில் 14 லிட்டரைப் பாத்திரத்தில் ஊற்றி 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பையை மாட்டி, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கட்டி இல்லாமல் கிளறுங்கள். வெப்பம் 66 அல்லது 67-இல் வந்து நிற்க வேண்டும். அடுப்பை அணைத்து, மூடி, இரண்டு கனமான துண்டுகளால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த நேரத்தில் மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. 64-இல் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடி பீர் வறட்சியாக இருக்கும். 69-இல் வைத்தால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி கனமாக இருக்கும். 75-ஐத் தாண்டினால் நொதிகள் செத்துவிடும், பிறகு எதுவும் நடக்காது. அதனால் தண்ணீர் கொஞ்சம் குறைவாகச் சூடாகி இருந்தாலும் பரவாயில்லை, கொதிக்கும் தண்ணீரில் மட்டும் மால்ட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

அரை மணி கழித்து ஒரு தடவை கிளறிப் பாருங்கள். 64-க்குக் கீழே போயிருந்தால் சிறு தீயில் சூடாக்கலாம், ஆனால் பையை அடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பை அடிப்பிடித்தால் துணியும் போகும், பீரில் கருகல் வாடையும் ஏறும்.

ஒரு மணி நேரம் ஆனதும் பையைத் தூக்கி வடிய விடுங்கள். மீதி 2.5 லிட்டரை 75 டிகிரியில் அதன்மேல் மெதுவாக ஊற்றிக் கழுவிப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. துவர்ப்பு வருவது பிஎச் ஏறும்போதும் கழுவும் தண்ணீர் மிகச் சூடாக இருக்கும்போதும்தான். கை பிழிவதால் இல்லை. நன்றாகவே பிழியலாம்.

இப்போது பாத்திரத்தில் இருக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். 14.8 லிட்டர் அளவில், 1.035 அடர்த்தியில் இருக்க வேண்டும். ஒரு சிறு கிண்ணம் எடுத்து ஐஸில் ஆறவைத்து அளந்து பாருங்கள். கண்ணாடி ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரியில் அளந்தால் 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். சூடான வோர்ட்டில் அளந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

அடர்த்தி 1.030-க்குக் கீழே நின்றால் பெரும்பாலும் மால்ட் சரியாக அரைபடவில்லை. முழு மணிகள் நிறையத் தெரிந்தால் அடுத்த தடவை இரண்டு முறை அரைக்கச் சொல்லுங்கள். பை முறையில் நைஸாக அரைப்பதால் கெடுதல் இல்லை. இந்தத் தடவைக்கு, உலர் மால்ட் சாறு 100 கிராம் சேர்த்தால் 10 லிட்டரில் ஏறக்குறைய 0.004 ஏறும். அடர்த்தி கூடிப்போனால் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிக் குறைத்துக்கொள்ளலாம், அது அதிர்ஷ்டக் கணக்கில் சேரும்.

கொதி

ஒரு மணி நேரம், மூடி போடாமல். கொதி வரும் தருணத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பால் பொங்குவதுபோல் பொங்கி அடுப்பை நனைத்துவிடும், காய்ந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நுரை அடங்கியதும் மேக்னம் 10 கிராம். கடைசி 10 நிமிடம் இருக்கும்போது கேஸ்கேட் 15 கிராமும் வேர்ல்ஃப்ளாக்கும். அணைத்ததும் மீதி கேஸ்கேட் 20 கிராம்.

மூடி ஏன் கூடாது என்றால், மால்ட்டில் உள்ள ஒரு சேர்மம் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி ஆவியோடு வெளியேறுகிறது. மூடினால் அது மூடியில் படிந்து திரும்பச் சொட்டும். வெந்த சோள வாடை அடிக்கும் பீரின் கதை பெரும்பாலும் இதுதான்.

குளிர்வித்தல்

வெயில் ஊர்க்காரர்களின் முதல் தலைவலி இது. செம்புச் சுருள் குளிர்விப்பான் வாங்கினாலும் 28 டிகிரித் தண்ணீரால் வோர்ட்டை 33, 34-க்குக் கீழே கொண்டுபோக முடியாது. 10 லிட்டருக்குச் சுருளே தேவையில்லை. பாத்திரத்தை மூடி பாத்திரம் கழுவும் தொட்டியில் இறக்கிக் குழாய்த் தண்ணீரை நிரப்புங்கள். சூடானதும் வடித்துவிட்டு மாற்றுங்கள். இரண்டு மூன்று தடவையில் 40-க்கு வந்துவிடும். ஐஸை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் ஐஸ் முழுவதும் 90 டிகிரியோடு மல்லுக்கட்டிக் கரைந்து போகும். 40-இலிருந்து 18-க்கு இறக்க 4, 5 கிலோ ஐஸ் போதும். தொட்டித் தண்ணீர் பாத்திரத்துக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் பழகிய ஆஸ்திரேலியர்கள் பரப்பிய வழி இது: கொதிக்கும் சூட்டிலேயே வோர்ட்டை கனமான எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, இரவு முழுவதும் தானாக ஆறவிடுவார்கள். வேலை செய்யும். ஆனால் ஹாப்ஸ் சூட்டில் அதிக நேரம் இருப்பதால் கடைசி ஹாப்ஸும் கசப்பைக் கூட்டும். 10 நிமிட ஹாப்ஸை அணைத்த பிறகு போட்டுச் சரிகட்ட வேண்டும். மறுநாளே ஈஸ்ட் போட்டுவிட வேண்டும். ஈஸ்ட் இல்லாத வோர்ட்டை நாள்கணக்கில் அறை வெப்பத்தில் மூடி வைப்பது போட்டுலிசம் கிருமிக்கு வாய்ப்புக் கொடுப்பது.

சுத்தம்

கொதி அடங்கிய நொடியிலிருந்து வோர்ட்டைத் தொடும் எதுவும் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட் தூளை வெந்நீரில் கரைத்து ஊறவைத்துக் கழுவுங்கள். பிறகு ஸ்டார் சான் என்ற கிருமிநாசினியை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து, ஒரு நிமிடம் நனைந்திருக்கும்படி செய்து, வடித்துவிட்டு அப்படியே பயன்படுத்துங்கள். நுரை இருந்தால் இருக்கட்டும், அலசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். தெளிப்பான் பாட்டிலில் கொஞ்சம் கலந்து வைத்துக்கொண்டால் கத்தரிக்கோல், ஈஸ்ட் பொட்டலத்தின் விளிம்பு, வாளியின் குழாய் எல்லாவற்றுக்கும் உதவும்.

வாளிக் குழாயைப் பிரித்துக் கழுவுகிறவர்கள் குறைவு. திருகு மரைக்குள் பழைய பீரும் பிசுக்கும் அடைந்து கிடக்கும். மூன்றாவது நான்காவது பீர் திடீரென்று புளித்தால் முதலில் அங்கே பாருங்கள். பழ ஈக்களும் விரோதிகள்தாம். வினிகர் பாக்டீரியாவைக் காலில் சுமந்து வரும். வாழைப்பழச் சீப்பை வாளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஈஸ்ட்டும் வெப்பமும்

வோர்ட்டை வண்டல் வராமல் வாளிக்கு மாற்றி, 18 அல்லது 19 டிகிரிக்கு வந்த பிறகுதான் ஈஸ்ட். யுஎஸ்-05 போன்ற உலர் ஏல் ஈஸ்ட் 10 லிட்டருக்கு 6 முதல் 8 கிராம், 11.5 கிராம் பொட்டலத்தில் பாதிக்குச் சற்று அதிகம். மேற்பரப்பில் பரவலாகத் தூவினால் போதும். 30 டிகிரியில் ஈஸ்ட் போட்டுவிட்டுப் பிறகு குளிர்விக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் சுவையைக் கெடுக்கும் எஸ்டர்களும் கனரக ஆல்கஹால்களும் பெரும்பகுதி உண்டாகின்றன. அந்த நாள்கள் போனால் போனதுதான். நான்காம் நாள் ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றும் ஆகாது.

நொதித்தல் தானே சூட்டைக் கிளப்பும். உச்சத்தில் வாளிக்குள் இருக்கும் பீர் அறையைவிடச் சில டிகிரி அதிகமாக இருக்கும். அறையின் வெப்பமானியைப் பார்த்துத் திருப்திப்படாமல் வாளியின் பக்கவாட்டில் உணரியை ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டு நுரைப்பஞ்சு வைத்து டேப் போட்டு அளவெடுங்கள்.

குளிர்வாக வைக்க நல்ல வழி, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் அதன் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும். 19-இல் அமைத்து, ஒரு டிகிரி ஏறினால் ஃப்ரிட்ஜ் ஓடும்படி வையுங்கள். இடமில்லாத வீட்டில் வாளி நுழையும் அளவுக்குக் குளிர்ப்பெட்டியோ தடித்த குளிர்ப்பையோ வாங்கி, அதற்குள் உறைய வைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றி வைத்தால் 19 முதல் 21-க்குள் நிற்கும். ஃப்ரீசரில் எப்போதும் இன்னும் இரண்டு உறைந்துகொண்டிருக்க வேண்டும். ஈரத்துண்டைச் சுற்றி மின்விசிறி போடும் உத்தி வறண்ட ஊருக்கானது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் துண்டு காயவே காயாது, குளிர்ச்சியும் வராது. குளிர்சாதன அறையை நம்புகிறவர்கள் ஆள் இல்லாத பகலில் அது அணைந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 22-க்கும் 30-க்கும் இடையே ஏறி இறங்குவது ஈஸ்ட்டுக்கு நல்லதல்ல.

மூன்று நாள் 18–20. பிறகு ஐஸ் பாட்டில் மாற்றுவதைக் குறைத்து 22-க்கு ஏற விடுங்கள். இந்தக் கடைசிச் சூட்டில்தான் ஈஸ்ட் தான் வெளியிட்ட வெண்ணெய் வாடைப் பொருளான டயாசெட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 10 முதல் 14 நாள்.

இத்தனை பாடு வேண்டாம் என்றால் ஊருக்கு ஏற்ற ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்ட குவைக் ஈஸ்ட்டுகள் சூட்டை விரும்புபவை. வோஸ் ரகம் 25 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும், 35-க்கு மேல்தான் அதன் முழு வேகமும் ஆரஞ்சு வாசமும். குளிர் நாட்டில் இதற்குக் கம்பளி சுற்றி ஹீட்டர் வைப்பார்கள். இங்கே ஒரு போர்வையே போதும், மூன்று முதல் ஐந்து நாளில் நொதித்தல் முடிந்துவிடும். இந்த 1.046 பீருக்கு ஈஸ்ட் சத்துப்பொடி கொஞ்சம் சேர்ப்பது நல்லது. குவைக்குக்கு நைட்ரஜன் பசி அதிகம். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் முதல் பீரை இதில் செய்வதே புத்திசாலித்தனம். லாகர் (குளிரில் நொதிக்க வைக்கும் பீர்) ஆசை இருந்தால் ஃப்ரிட்ஜ் வரும் வரை அடக்கிக்கொள்ளுங்கள்.

சேசோன் (பெல்ஜியப் பண்ணை பீர்) ஈஸ்ட்டுகளும் சூட்டைத் தாங்கும். ஆனால் அவற்றில் சில, மற்ற ஈஸ்ட் விட்டுவைக்கும் மாவுச்சர்க்கரையையும் மெதுவாகத் தின்னும் ரகம். குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த பீருக்குப் போனால் பாட்டிலுக்குள் நொதித்தல் தொடரும். தனிக் குழாய், தனி வாளி வைக்க முடிந்தால் மட்டும் அவற்றைத் தொடுங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்

ஏர்லாக்கில் குமிழி வருவதையும் நிற்பதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வாளி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் குமிழியே வராது, பீர் மட்டும் ஒழுங்காக நொதித்துக்கொண்டிருக்கும். நொதித்தல் முடிந்த பிறகும் வெப்பம் ஏறினால் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். ஹைட்ரோமீட்டர் மட்டுமே சாட்சி. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு அளவு ஒரே எண்ணாக, 1.010-க்குப் பக்கத்தில் இருந்தால் முடிந்தது.

ஒளிவிலகல்மானி (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அடிக்கடி பதறுவார்கள்: அது 5.6 பிரிக்ஸ் (சர்க்கரை அளவின் அலகு) காட்டும், கணக்குப் போட்டால் 1.022 வரும், நொதித்தல் நின்றுவிட்டது என்று இன்னொரு பொட்டலம் ஈஸ்ட் கொட்டுவார்கள். ஆல்கஹால் அந்தக் கருவியை ஏமாற்றும். இந்த பீரில் 5.6 பிரிக்ஸ் என்பது உண்மையில் 1.010-தான்.

ஹைட்ரோமீட்டரிலேயே 1.018-இல் நின்றால், வாளியைச் சூடான இடத்துக்கு மாற்றி, மெதுவாகச் சுழற்றி ஈஸ்ட்டைக் கிளப்பி மூன்று நாள் பாருங்கள். அசையாவிட்டால் மாஷ் வெப்பமானியைக் கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் சோதியுங்கள். மூன்று டிகிரி குறைத்துக் காட்டும் வெப்பமானியால் 70-இல் மாஷ் ஆகியிருக்கலாம். அப்படியானால் அதுவே முடிவு.

பாட்டில்

மேசைச் சர்க்கரை 10 லிட்டருக்கு 60 கிராம். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சைஃபன் செய்யுங்கள். குழாயின் நுனி அடியில் முங்கியிருக்கட்டும். தெறிக்கக் கூடாது, சலசலக்கக் கூடாது. ஈஸ்ட் போடும் நாளுக்குப் பிறகு பீருக்குள் போகும் காற்று எல்லாம் கெடுதல். குவைக்கை 30 டிகிரிக்கு மேல் நொதிக்க வைத்திருந்தால் பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயு குறைவு, சர்க்கரை 65 கிராம் போடலாம்.

பழுப்புப் பாட்டில்தான் வேண்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி வழியாக ஒளி புகுந்தால் ஹாப்ஸ் கசப்பு சிதைந்து சில நிமிடங்களிலேயே நாற்றம் பிடிக்கும். கழுத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு மூடி அடியுங்கள். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பார்த்தே மற்ற பாட்டில்களில் எவ்வளவு வாயு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சூட்டில் 10 நாளில் வாயு ஏறிவிடும். ஏறியதும் எல்லாப் பாட்டிலையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். 30 டிகிரி அலமாரியில் இரண்டு மாதம் கிடக்கும் பேல் ஏல் ஈர அட்டைப்பெட்டி வாடைக்கு வந்து நிற்கும்.

சுவையில் தெரியும் பிழைகள்

நகப்பூச்சு அழிப்பான், சூடான சாராய நெடி: ஈஸ்ட் சூட்டில் தொடங்கியது. வாழைப்பழ வாசமும் அதே குடும்பம், ஆனால் லேசாக இருந்தால் கெட்டதல்ல. கூடவே ஈஸ்ட் குறைவாகப் போட்டிருந்தால் இரண்டும் மோசமாகும்.

பச்சை ஆப்பிள் வாடை பீரை அவசரப்பட்டு எடுத்ததன் அடையாளம். பாட்டிலில் ஏற்றிவிட்டாலும் சில வாரத்தில் பெரும்பாலும் தணியும். வெண்ணெய் வாடையும் அவசரத்தில் வருவதுதான். இதைப் பாட்டிலுக்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60 டிகிரித் தண்ணீரில் அரை மணி வைத்து ஆறவிட்டு இரண்டையும் முகருங்கள். சூடாக்கியதில் வெண்ணெய் வாடை இருந்து மற்றதில் இல்லையென்றால், வாளியில் அந்த வாடை இனிமேல்தான் வரப்போகிறது. 22 டிகிரியில் இன்னும் மூன்று நாள் விட்டு மறுபடி சோதியுங்கள். சரியாக முடிந்த பிறகு, பாட்டிலில் வாரக்கணக்கில் ஆனபின் வெண்ணெய் வாடையும் புளிப்பும் சேர்ந்து வந்தால் அது கிருமி.

மேலே வெள்ளைப் படலமோ கயிறு கயிறான நுரையோ படர்ந்தாலும் கிருமிதான். குடித்தால் ஆபத்து இல்லை, சுவைதான் போகும். பச்சை கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தால் கொட்டிவிடுங்கள். பழுப்பும் வெள்ளையுமாகச் சேறுபோல் மூன்றாம் நாள் மிதக்கும் நுரையைப் பார்த்து மட்டும் கொட்டிவிடாதீர்கள். அது ஈஸ்ட், அப்படித்தான் இருக்கும்.

குளிரில் மட்டும் கலங்கி, டம்ளரில் சூடேறும்போது தெளிந்தால் புரதக் கலங்கல். கண்ணுக்கு மட்டுமே குறை. பொன்னிறம் போய்ச் சாம்பல் பழுப்பாகி ஹாப்ஸ் வாசமும் மறைந்தால், பாட்டில் நாளில் காற்று போயிருக்கிறது. நுரை நிற்காவிட்டால் பீரைக் குறை சொல்வதற்கு முன் டம்ளரைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவத்தின் மிச்சமும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையை உடனே உடைக்கும்.

பொங்கி வழியும் பாட்டில்கள் தனிக் கவனம் கேட்பவை. ஒன்று மட்டும் பொங்கினால் அந்தப் பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. எல்லாமே பொங்கினால், நொதித்தல் முடியாமல் பாட்டிலில் அடைத்திருக்கிறீர்கள், அல்லது சர்க்கரை கூடிவிட்டது. மிஞ்சிய அடர்த்தியில் 0.002 பாட்டிலுக்குள் இறங்கினாலே ஏறக்குறைய பீரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு கூடுதலாகச் சேரும், 0.004 இறங்கினால் சாதாரண பீர் பாட்டில் தாங்கும் என்று நம்ப முடியாது. சோடா பாட்டில் கல்லாக இறுகியிருந்தால் தாமதிக்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டில்களைக் குலுக்காமல், மேலே கனமான துண்டைப் போர்த்தி ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றின் மூடியையும் துண்டுக்கடியில் லேசாக நெம்பி வாயுவை வெளியேற்றி, உடனே புது மூடி அடியுங்கள். ஃப்ரிட்ஜை விட்டு அவற்றை வெளியே எடுக்காமல் முதலில் குடித்துத் தீர்க்க வேண்டியவை இவை.